வராத அம்புகள்

திருடனுக்கு ஏ.சி. அறை கொடுத்து, சுழல் நாற்காலி கொடுத்து, கதவில் 'கலை இயக்குநர்' என்று பித்தளைப் பலகையும் அடித்துக் கொடுத்தால் திருடுவதை விட்டுவிடுவானா? சாவகாசமாக உட்கார்ந்து திருடுவான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அறைக்குள் அண்ணியும் கொழுந்தனும் நுழைந்தபோது காலை மணி பதினொன்று. அறைக்குச் சொந்தக்காரர் எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மூக்கில் போடாமல் உச்சந்தலையில் ஏற்றி வைத்திருந்தார். மேஜை மேல் ஒரு பீங்கான் ஜாடி, அதில் முப்பது பிரஷ். அதில் ஒன்றாவது வாழ்நாளில் தண்ணீரைப் பார்த்திருந்தால் அதிசயம். அந்தப் பதிப்பகத்தில் வேலை பார்க்கும் பதினெட்டுப் பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'பெரிய பிரஷ்'.

அண்ணிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சல்லடை. பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைச் சலித்துக் கல் பொறுக்கியவள். இப்போது துப்பறிவது சொந்தத் தொழில். உதவியாளன், கணவனின் தம்பி. "இன்டர்வியூ இல்லாம எனக்குக் கிடைச்ச ஒரே வேலை, அண்ணி சமையலை விட அண்ணி திட்டு ருசின்னு இங்கேயே கிடக்கறேன்" என்பது அவன் தன்னைப் பற்றிக் கொடுக்கும் சுயவிவரம்.

"பத்து நிமிஷம்தான் தர முடியும். நாலு மணிக்கு பைல் பிரஸ்சுக்குப் போகுது" என்றார் பெரிய பிரஷ்.

"எங்களுக்கு எட்டு போதும் சார். மீதி ரெண்டை நீங்களே வச்சுக்குங்க" என்றான் கொழுந்தன்.

விஷயம் இதுதான். காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு சைகை அகராதி. நூற்றிருபது பக்கம். பக்கத்துக்கு ஒரு சொல், ஒரு கை, அந்தக் கை எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று காட்ட ஓர் அம்பு. இதை மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து பக்கம் பக்கமாகக் கட்டியவள் இதே பதிப்பகத்தில் லேஅவுட் செய்கிற ஒரு பெண், நாம் ஓவியக்காரி என்று சொல்லிக்கொள்வோம். போன திங்கட்கிழமை அதை முதலாளியிடம் காட்டப் போனாள். பெரிய பிரஷ் பின்னாலேயே வந்து, "இது என் பைல்" என்றார். தன் கம்ப்யூட்டரைத் திறந்தும் காட்டினார். அதே நூற்றிருபது கைகள். ஹாலில் பதினெட்டுப் பேர் பார்க்க, தொண்டை கிழிய, "திருடி!" என்று கத்தினார்.

முதலாளி என்கிற பதிப்பாளர் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். டிஸ்மிஸ் கடிதத்தை டைப் அடித்து வைத்துவிட்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை. "நாளைக்கு நாலு மணிக்குள்ள நிரூபிக்க முடிஞ்சா நிரூபிச்சுக்கோ" என்றாராம், என்னமோ அவள்தான் அவருக்குக் கடமைப்பட்டவள் மாதிரி. நேற்றுச் சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தபோதும் ஓவியக்காரி அழவில்லை. "வேலை போனா போகட்டும் மேடம். நாளைக்கு எங்க போனாலும் 'அந்தத் திருடிதானே'ன்னு பேசுவாங்க. அந்தப் பேரைத்தான் என்னால தூக்கிச் சுமக்க முடியாது" என்றாள்.

பெரிய பிரஷ் இப்போது தன் ஸ்கிரீனை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"பைல் உருவான தேதியைப் பாருங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஜனவரி. அவ பைல் அதுக்கப்புறம் ஆகஸ்ட். போதுமா?"

அண்ணி தேதியைப் பார்க்கவே இல்லை. ஸ்கிரீன் ஓரத்தில் கலர் பட்டியல் இருந்தது, அதைப் பார்த்தாள். ஒவ்வொரு கலருக்கும் ஒரு பேர். பழைய டிக்கெட். மழைக்கு முந்தின வானம். அத்தை கோபம்.

கொழுந்தன் துள்ளினான். "அண்ணி, மாட்டினாரு! ஒரு பைல்ல இருந்து இன்னொண்ணுக்குப் படத்தை எடுத்துப் போட்டா கலரும் பேரோட ஒட்டிக்கிட்டு வந்துடும். சார், உங்க அத்தை இவ்வளவு செவப்பாவா கோவிப்பாங்க?"

பெரிய பிரஷ் கொட்டாவி விட்டார். நிஜக் கொட்டாவி. "தம்பி, அவ என் அசிஸ்டென்ட். கலர் கலந்து குடுக்கறது அவ வேலை. என் பைல்லதான் கலந்தா, பேரும் வச்சா. வீடு கட்டினா கொத்தனாரு பேரும் வரும், சித்தாளு கால் தடமும் வரும். அதுக்காக வீடு சித்தாளோடதா?"

அடித்த பந்து சுவரில் பட்டுக் கொழுந்தன் மூக்குக்கே வந்துவிட்டது. முன்யோசனையோடுதான் திருடியிருக்கிறான் மனுஷன்.

அண்ணி பவ்யமாகக் கேட்டாள்: "சார், ஒரு செட் பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா? நூத்திருபது பக்கமும். ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து வேணும். நாளைக்கு நடுவுல எவனோ மாத்திட்டான்னு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க."

"எல்லாத்துலயுமா?"

"உங்க கையெழுத்து எனக்கு வேற எப்ப கிடைக்கப் போகுது?"

பெரிய பிரஷ் பேனாவை எடுத்தார். சில பேரைப் பிடிக்க வலை வேண்டாம், கையெழுத்துக் கேட்டால் போதும். நூற்றிருபது பக்கத்திலும் வாலைச் சுழித்துச் சுழித்துப் போட்டார். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பத்து நிமிஷம்தான் தர முடியும் என்று சொன்ன அதே மனுஷர்.

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான்: "அண்ணி, தேதியும் அவர் பக்கம், கலரும் அவர் பக்கம். நாம எந்தப் பக்கம்?"

"வந்ததைப் பாத்து என்ன பிரயோஜனம்? கண்ணுக்குத் தெரியறதுக்கெல்லாம் அவன் பதில் தயார் பண்ணி வச்சிருப்பான். வராம விட்டுப்போனது ஏதாவது இருக்கான்னு பாப்போம்."

ஹாலின் கடைசியில், ஜன்னலோரம், ஓவியக்காரியின் மேஜை. திங்கட்கிழமையிலிருந்து பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதுவரை அவளிடம் பென்சில் கடன் வாங்கியவர்கள். கொழுந்தன் வேண்டுமென்றே அந்த இடைவெளியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"இதுல ஒரு பக்கத்தை வேற பைலுக்கு மாத்தணும். எப்பவும் போல செய். ஒண்ணும் விளக்கம் சொல்லாதே" என்றாள் அண்ணி.

ஓவியக்காரி பதினாலாம் பக்கத்தைத் திறந்தாள். விரல்கள் கீபோர்டில் தடதடவென்று ஓடின. புதுப் பைலில் கை வந்து உட்கார்ந்தது, அம்பும் வந்தது.

"இன்னொரு தடவை. மெதுவா. முதல்ல ஏதோ ரெண்டு மூணு பட்டனைச் சேத்து அமுக்கினியே, அது எதுக்கு?"

"எது மேடம்? ஓ, அதுவா, லாக்கைத் திறந்தேன்." அவளே அதைக் கவனித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "கையை வரையறப்போ அப்படி இப்படி நகர்த்துவேன். அம்பு பக்கத்துலயே இருக்கும், மவுஸ் பட்டு அதுவும் நகர்ந்துடும். அம்பு கொஞ்சம் திரும்பினாலும் அர்த்தம் கெட்டுப் போயிடும் மேடம். அதனால அம்பை மட்டும் அசையாம லாக் போட்டு வச்சிருவேன்."

"திறக்காம காப்பி எடுத்தா?"

"அம்பு வராது. எல்லாத்தையும் செலக்ட் பண்ணினாலும் லாக் போட்டது மாட்டாது. கை மட்டும் போகும்."

செய்து காட்டினாள். புதுப் பைலில் கை மட்டும் தனியாக வந்து நின்றது, எங்கே போவதென்று தெரியாமல்.

அண்ணி, பெரிய பிரஷ் கையெழுத்துப் போட்ட பதினாலாம் பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே கை, அதே நகம், அதே சுருக்கம். அம்பும் இருந்தது. ஆனால் வேறு அம்பு. ஓவியக்காரியின் அம்பு மெலிசாக இருந்தது, வாலில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். பெரிய பிரஷ்ஷின் அம்பு கொழுத்துப் போய், எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வாலில் ஒன்றுமில்லை.

"ஐயோ!" என்றாள் ஓவியக்காரி. "மேடம், இது 'உக்காருங்க' பக்கம். இந்த அம்பைப் பாத்துக் கையை அசைச்சா..."

"இப்ப சொல்லாதே. மூணு மணிக்கு முதலாளியே பாக்கட்டும். காய்ச்சல்னு லீவு போட்டேன்னு நேத்து சொன்னியே, எத்தனை நாள்?"

"போன மாசம், மூணு நாள்."

"பாஸ்வேர்டு?"

"ஹால்ல எல்லா மிஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு மேடம்."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "ஒரு சந்தேகம் அண்ணி. நோகாம முழு பைலையும் அப்படியே தூக்கிட்டுப் போயிருக்கலாமே? எதுக்குப் பக்கம் பக்கமா?"

"தூக்கிட்டுப் போனா தேதியும் ஆகஸ்டுன்னுதானே காட்டும்? மூணு வருஷத்துக்கு முந்தின எதாவது பழைய பைலைத் திறந்து, உள்ளே இருந்ததைத் துடைச்சுட்டு, அதுக்குள்ள இவ பக்கங்களை ஒண்ணொண்ணா எடுத்து ஒட்டியிருக்கான். தேதி பழசு, சரக்கு இவளோடது. அம்பு வரலைன்னு பாத்திருப்பான். 'அம்புதானே, அலங்காரம், நானே போட்டுக்கறேன்'னு போட்டிருக்கான்." அண்ணி ஓவியக்காரி பக்கம் திரும்பினாள். "எல்லா அம்புக்கும் லாக் போட்டிருக்கியா? ஒண்ணு விடாம?"

"போட்டிருப்பேன். சிலதுல மறந்திருந்தா தெரியலை."

"பாரு. நூத்திருபதையும் பாரு."

பார்க்க ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பது பக்கங்களில் லாக் இல்லை. அண்ணி அந்த ஒன்பது எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, கொழுந்தனின் சட்டைப் பையில் வைத்தாள்.

"இந்த ஆபீஸ்ல சைகை தெரிஞ்சவங்க வேற யாராவது?"

"கீழ புத்தகம் தைக்கிற பைண்டர் இருக்கார் மேடம். அவருக்குக் காது கேக்காது. சாப்பாட்டு நேரத்துல அவர்கூட உக்காந்துதான் நான் கத்துக்கிட்டேன்."

"பெரிய பிரஷ் அவர்கிட்ட எதாவது கேட்டிருக்காரா?"

"அவர் கீழே இறங்கியே நான் பாத்ததில்லை."

கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தனுக்குக் கூட ஜோக் வரவில்லை. சைகை அகராதி போடுகிற ஆபீஸ். சைகையையே பாஷையாகக் கொண்ட ஒரே ஒரு மனுஷர் பதினாறு படிக்குக் கீழே. ஒரு பக்கத்தையாவது அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மேலே இருக்கிற எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு முதலாளியின் அறை. பைண்டர் பழந்துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். விரல் இடுக்கில் பசை.

"இவருக்குக் காது கேக்காதா?" முதலாளி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பதினோரு வருஷமா இருக்கார். அதிகம் பேச மாட்டார், தங்கமான ஆளுன்னுல்ல நினைச்சேன்!"

"நீங்க பேசி அவர் பதில் சொல்லலைன்னு ஒரு நாளும் தோணலையா சார்?" என்றான் கொழுந்தன்.

"நான் என்னத்தைப் பேசப் போறேன் அவர்கிட்ட?"

சில பதில்களைச் சல்லடையில் போடக்கூட அண்ணிக்கு மனசு வராது.

ஓவியக்காரியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள், கண்ணைக் காட்டினாள் கையைக் காட்டினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. பைண்டரை நாற்காலியில் உட்கார வைத்தாள். பெரிய பிரஷ்ஷின் கையில் அவர் கையெழுத்துப் போட்ட பக்கங்களைக் கொடுத்தாள்.

"பெரிசா ஒண்ணுமில்ல சார். உங்க புத்தகம், உங்க அம்பு. அது காட்டற மாதிரி இவருக்குச் செஞ்சு காட்டுங்க. இவருக்குப் புரியுதான்னு பாப்போம்."

"இது என்ன, சின்னப்புள்ளைங்க விளையாட்டா?"

"சின்னப் புள்ளைங்களுக்குத்தானே சார் புத்தகம்?"

முதலில் பதினாலாம் பக்கம், 'உட்காருங்கள்'. பெரிய பிரஷ் கம்பீரமாகக் கையை அசைத்தார். உட்கார்ந்திருந்த பைண்டர் எழுந்தார். கும்பிட்டார். அறையை விட்டு வெளியே போய்விட்டார். கொழுந்தன் படிக்கட்டு வரை ஓடிப்போய் அழைத்து வந்தான்.

ஐம்பத்திரண்டாம் பக்கம், 'பசிக்கிறது'. பெரிய பிரஷ் வயிற்றுக்கு நேரே கையைச் சுற்றினார். பைண்டர் முகத்தில் இரக்கம் வந்தது. வராந்தாவின் கோடியைக் கைகாட்டினார்.

"வலது பக்கம் ரெண்டாவது கதவு சார்" என்றான் கொழுந்தன். "அவசரம்னா போயிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்."

எழுபத்தேழு, 'நீங்கள் நல்லவர்'. இதைப் பார்த்ததும் பைண்டரின் முகம் சிவந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு முஷ்டியை மடக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். முதலாளி குறுக்கே பாய்ந்தார். அந்தப் பக்கத்துக்கு நிஜத்தில் என்ன அர்த்தம் என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்று வரை யாரும் சொல்லவும் இல்லை.

"இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலை!" என்று கத்தினார் பெரிய பிரஷ். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"இருக்கலாம் சார். முப்பத்தொண்ணாம் பக்கம் செய்யுங்க."

'தண்ணீர் வேண்டும்'. பெரிய பிரஷ் வேண்டா வெறுப்பாக அம்பு காட்டிய பக்கம் விரலை அசைத்தார். பைண்டர் எழுந்து, மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்.

"பாத்தீங்களா!" பெரிய பிரஷ் ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். "மூணு பக்கத்துல ஏதோ சின்னப் பிசகு. அதுக்கு இவ்வளவு கூத்தா? சரியா செஞ்சா சரியா புரியுது பாருங்க!"

முதலாளியின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. மேஜை இழுப்பறைக்கு, டிஸ்மிஸ் கடிதம் இருக்கிற இடத்துக்கு, அவர் கை தானாகவே போயிற்று. அண்ணி ஏன் சரியாக வருகிற பக்கத்தைப் போய்க் கேட்டுத் தொலைத்தாள் என்று கொழுந்தன் அவளைப் பார்த்தான்.

"ஆமா, இது சரியாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. "இன்னும் எட்டுப் பக்கமும் சரியா இருக்கும். தம்பி, பையில இருக்கிற சீட்டை எடுத்து முதலாளிகிட்ட குடு."

முதலாளி சீட்டைப் பிரித்தார். முதல் எண் முப்பத்தொன்று. மீதி எட்டில் ஏழு பக்கங்களை ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னாள். ஏழும் பைண்டருக்குப் புரிந்தது. ஜன்னலைத் திறந்தார், பேனா கொடுத்தார், மணி என்ன என்று காட்டினார். நடுநடுவே சீட்டில் இல்லாத பத்துப் பக்கங்களையும் செய்யச் சொன்னாள். பத்தும் தப்பு. பைண்டர் பாவம், என்னதான்யா வேண்டும் உனக்கு என்கிற மாதிரி பெரிய பிரஷ்ஷைப் பார்த்தார். சீட்டில் எட்டாவதாக மிஞ்சிய பக்கத்தை அண்ணி தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் முதலாளி.

"அவ பைல்ல லாக் போட மறந்த அம்பு மொத்தம் ஒன்பது. லாக் போட்டது காப்பியில வராது, போடாதது வரும். அவர் பைல்ல சரியா இருக்கிற அம்பு அதே ஒன்பது. காக்கா உட்காரப் பனம்பழம் ஒரு தடவை விழலாம் சார். ஒன்பது தடவையா விழும்?"

ஆனால் பெரிய பிரஷ் லேசுப்பட்ட ஆள் இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி. சிரித்தார்.

"அம்மா, நல்லா கதை கட்டறீங்க. தலைகீழா யோசிச்சுப் பாருங்க. நான் போட்ட அம்புல நூத்திப்பதினொண்ணு தப்பு, ஒத்துக்கறேன். கலைஞன் நான், சைகை வாத்தியார் இல்ல. அவ என் பைலைத் திருடினா. தப்பை எல்லாம் இந்த ஆள்கிட்டக் கேட்டுத் திருத்தினா. திருத்தினதுக்கெல்லாம் லாக் போட்டா. சரியா இருந்த ஒன்பதைத் தொடவே இல்லை, அதனால லாக்கும் இல்லை. கணக்கு சரியா வருதா?"

கணக்கு சரியாக வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான்.

"அதுவும் நியாயமாத்தானே இருக்கு?" என்றார் முதலாளி. எந்தக் காற்று அடித்தாலும் சாய்கிற செடி.

அண்ணி சிரித்தாள். வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிகிற அலட்சியத்தோடு கேட்டாள்: "அப்ப அந்த ஒன்பது அம்பும் சாட்சாத் உங்க கையால போட்டது?"

"என் கையால."

"இந்தப் பக்கம் நூத்தியெட்டு. சரியான ஒன்பதுல இதுவும் ஒண்ணு. உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான்."

"இந்த ஒன்பதுலயும் அம்பு வால்ல புள்ளி இருக்கு. மத்த நூத்திப்பதினொண்ணுல இல்லை. ஒன்பதுல மத்த எட்டுலயும் ஒரே ஒரு புள்ளி, இதுல மட்டும் மூணு. எதுக்கு சார் அது?"

பெரிய பிரஷ் தலையிலிருந்த கண்ணாடியை அன்று முதல் தடவையாக மூக்குக்கு இறக்கினார். புள்ளிகளைப் பார்த்தார். தன் புத்தகத்தில் தான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது அந்த அறையில் பைண்டர் உட்பட எல்லாருக்கும் தெரிந்தது.

"அழகுக்கு" என்றார்.

"சந்தோஷம். செஞ்சு காட்டுங்க."

அம்பு காட்டிய பக்கம் விரல்களை விரித்து ஒரு தடவை மேலே உயர்த்தினார். பைண்டர் தலையாட்டினார். சுவரருகே போய் லைட்டைப் போட்டார்.

"பக்கத்துல என்ன சொல் எழுதியிருக்கு சார்? சத்தமா படிங்க."

முதலாளி எட்டிப் பார்த்துப் படித்தார். "'தீ.'"

அண்ணி பைண்டருக்கு எதிரே போய் நின்றாள். அதே விரல்களை விரித்து அதே பக்கம் உயர்த்தினாள். ஒரு தடவை இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

பைண்டர் துள்ளினார். முதலாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைப் பார்த்து ஓடினார். கொழுந்தன் கதவில் குறுக்கே நின்று, பொய், பொய் என்று இரண்டு கையையும் ஆட்டி நிறுத்துவதற்குள் முதலாளியின் ஒரு செருப்பு அறைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அவகிட்ட கேட்டுக்கிட்டேன், ஒரு புள்ளின்னா ஒரு தடவை செய்யணும். மூணுன்னா மூணு தடவை" என்றாள் அண்ணி. "ஒரு தடவை செஞ்சா விளக்கு. மூணு தடவை செஞ்சா தீ. வீடு பத்தி எரியறப்போ ஒரு புள்ள உங்க 'அழகை' நம்பிக் கையைக் காட்டியிருந்தா, அவங்கம்மா வந்து லைட்டைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. அவ உங்ககிட்ட இருந்து எடுத்தான்னு சொன்னீங்களே, உங்களுக்கே அர்த்தம் தெரியாத மூணு புள்ளி உங்க பைலுக்குள்ள எப்படி வந்துச்சு? யார் வச்சா?"

பெரிய பிரஷ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்.

கடைசியில் முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வெளிய தெரிஞ்சா பதிப்பகத்துக்குத்தான் அசிங்கம். ரெண்டு பேர் பேரையும் அட்டையில போட்டுடலாமா?"

"ஏன் சார், எங்க பேரையும் சேத்துப் போடுங்களேன், நாங்களும் இங்கதானே நின்னோம்" என்றான் கொழுந்தன்.

சுவரைப் பார்த்து நின்ற ஓவியக்காரி திரும்பினாள். முகம் நனைந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அட்டையை அப்புறம் பேசலாம் சார். திங்கக்கிழமை இவர் என்னைத் திருடின்னு இந்த ரூம்ல வச்சுச் சொல்லலை. ஹால்ல சொன்னார். பதினெட்டுப் பேர் முன்னாடி. அங்க வந்து அந்தப் பேரைத் திருப்பி எடுக்கட்டும்."

ஹாலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாற்காலியைத் தள்ளிப் போட்டவர்கள் முதல் வரிசை. பெரிய பிரஷ் தரையைப் பார்த்து, "அது அவளோட பைல்தான். நான்தான் எடுத்தேன்" என்று முணுமுணுத்தார்.

"அன்னிக்கு இந்தச் சத்தத்துலயா கத்தினீங்க?" என்றாள் ஓவியக்காரி.

மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை ஹாலின் கடைசி மேஜை வரை கேட்டது. சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பப் பார்த்தவரை அவள் விடவில்லை.

"ஒருத்தருக்கு இன்னும் கேக்கலை."

பைண்டர் வாசலில் நின்றிருந்தார். எல்லாரும் ஏன் நிற்கிறார்கள் என்று தெரியாமல் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியக்காரி பெரிய பிரஷ்ஷின் முன்னால் நின்று கையால் மெதுவாகச் செய்து காட்டினாள். அவர் பார்த்தார். செய்தார். அப்போதும் கையை வெளிப்பக்கம்தான் நீட்டினார், அதற்கு 'நீ திருடினாய்' என்று அர்த்தம்.

பைண்டர் இல்லை என்று தலையாட்டினார். கிட்டே வந்து, பசை ஒட்டிய விரல்களால் பெரிய பிரஷ்ஷின் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர் நெஞ்சுப் பக்கமே திருப்பி வைத்தார்.

'நான் திருடினேன்' என்றது கை.

புரிந்தது என்று பைண்டர் தலையசைத்தார். ஓவியக்காரியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கரைத்து வைத்த பசை காய்வதற்குள் படியிறங்கிப் போனார்.